லிப்ட் கடித்த டேப்

"மூணா? நாலு சைக்கிள் நிக்கிற வீட்டுக்கு மூணு போடற ஸ்டாண்டையா வாங்கிட்டு வருவாங்க?"

"மெதுவாப் பேசுங்க. எதிர்வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். அவங்களுக்கும் எண்ணத் தெரியும்."

எண்ணத் தெரியும்தான். ஆனால் என் ஜன்னலிலிருந்து எண்ணுவதற்குக் கோணம் சரியில்லை. அதனால் போன வாரம் அந்த வீட்டிலிருந்து வந்த மூடி போட்ட பாத்திரத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கையில் பாத்திரம் இருந்தால் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம். வைத்தவுடன் திரும்பிவிட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

இந்தக் குடும்பத்தைப் பாதியில் பார்க்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. எதிர்வீட்டில் நான்கு பேர். அப்பா லிப்ட்காரர். முப்பது வருடம் உயரமான கட்டடங்களில் லிப்ட் பழுது பார்த்துவிட்டு வீட்டோடு வந்து உட்கார்ந்தவர். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம், "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று சொன்னதைத் தவிர அவர் யாருக்கும் ஆறுதல் சொன்னதாகத் தகவல் இல்லை.

அம்மாவைத் தெருவே ஊசியம்மா என்றுதான் அழைக்கும். ஆய்வுக்கூடத்துக்காகக் காலையில் வீடு வீடாகச் சைக்கிளில் போய் ரத்தம் எடுத்து வருகிறவர். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொழுப்பு என்று எல்லாம் தெரியும். என்னிடம் மட்டும் சொல்ல மாட்டார். மற்றபடி நல்ல மனுஷி.

மகன் சின்னவன். வங்கியின் போன் பிரிவில் உட்கார்ந்து, "உங்க சிரமம் எனக்குப் புரியுது, கொஞ்சம் லைன்ல இருங்க" என்று நாள் முழுக்கச் சொல்கிறவன். வீட்டிலும் அப்படியேதான் பேசுவான்.

மூத்தவள் பெரியவள். கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்குள் லென்ஸ் பொருத்துகிறவள். நூற்றுப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு பெட்டியும் சிவப்புச் சைக்கிளுமாகப் புருஷன் வீட்டிலிருந்து வந்து இறங்கினாள். நாட்களை நான் எண்ணவில்லை, காலண்டர் எண்ணியது. மாப்பிள்ளை போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். ஊரில் எல்லாரையும் சிரிக்கச் சொல்லும் வாய், ஒருநாள் இவளைப் பார்த்து, "அவ்வளவு கஷ்டமா இருந்தா உங்க வீட்டுக்கே போ" என்று சொல்லிவிட்டது. இவளும் போய்விட்டாள். அதன் பிறகு அவளுக்கு அங்கிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

அந்தச் சிவப்புச் சைக்கிள்தான் நான்காவது. அதுவரை மூன்றும் முன் ஹாலில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து எப்படியோ காலம் தள்ளின. நான்காவது வந்தபின் ஒன்றைத் தொட்டால் நான்கும் ஆடும். போன வாரம் பார்த்தோமே, ஊசியம்மா காலைச் சுற்று முடித்து வந்த நேரத்தில் நான்கும் மொத்தமாகச் சரிந்து, அவர் ரத்தம் எடுத்து வந்த குழாய்ப் பெட்டி மேல் விழுந்து, ஆறு பேருக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதாயிற்று. அந்த ஆறில் நானும் ஒருத்தி. அன்றுதான், "தரையில் வைக்கிற ஸ்டாண்ட் ஒண்ணு வாங்கியே ஆகணும்" என்று அந்த வீட்டில் தீர்மானம் போட்டார்கள்.

தீர்மானம் போடுவது சுலபம். எதை வாங்குவது என்பதில் வீடு இரண்டுபட்டது.

சுவரில் மாட்டுகிற கொக்கி வேண்டாம். சுவரில் புதிதாக ஆணி அடித்தால் வீட்டுச் சொந்தக்காரர் தன் நெஞ்சில் அடித்தது போல் பதறுவார். சைக்கிளைப் பின்சக்கரத்தில் எழுப்பி நிறுத்துகிற வகை ஒன்று உண்டு. பார்க்கக் குதிரை மாதிரி கம்பீரம். ஆனால் ஊசியம்மாவுக்குத் தோள் வலி, தினமும் யார் தூக்குவது? சுருள் கம்பி வகையில் முன்சக்கரத்தைச் செருகினால் நிற்கும், ஆனால் பக்கவாட்டில் யாராவது இடித்தால் சக்கரக் கம்பி வளையும். கடைசியில் தரையில் கிடக்கும் நீளச் சட்டத்தில் ஆளுக்கு ஒரு வளையம் என்ற வகையைச் சின்னவன் பிடித்தான். ஒரு வளையம் உயரம், அடுத்தது தாழ்வு. அதனால் ஒரு ஹேண்டில்பார் இன்னொன்றோடு சண்டை போடாது. இந்த வீட்டில் மனிதர்களுக்கும் அப்படி ஒன்று கிடைத்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அளவு. கதவுக்கும் சுவர் அலமாரிக்கும் நடுவில் உள்ள இடம்தான் ஸ்டாண்டுக்கு. லிப்ட்காரர் தன் பழைய டேப்பை எடுத்து அளந்தார். அந்த டேப்பின் கதை தெருவுக்கே தெரியும். என்றைக்கோ வேலை நேரத்தில் லிப்ட் கதவு மூடி அதன் முன் பத்து சென்டிமீட்டரைக் கடித்துத் துப்பிவிட்டது. உயிரோடு வந்த டேப் என்று அவர் அதை மாற்றவே இல்லை. டேப்பில் எது தெரிகிறதோ, அதில் பத்தைக் கழிக்க வேண்டும். பிள்ளைகளின் உயரத்தைக் கதவு நிலையில் வருடா வருடம் குறித்ததுகூட அப்படித்தான். மற்ற வீட்டுப் பிள்ளைகள் கூட்டல் படிக்கும்போது இந்த இரண்டும் கழித்தல் படித்தன.

சரி, ஸ்டாண்ட் வந்த நாளுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி, இரும்புச் சட்டங்கள், ஒரு கவரில் போல்ட்டும் வாஷரும், மூன்று வளையங்கள். அதைச் சுற்றி மூன்று பேர். பெரியவள் மட்டும் உள்ளறையில். கதவு பாதி திறந்திருந்தது.

"பாத்திரம் குடுக்க வந்தேன்," என்றேன்.

"இப்பவா?" என்றார் ஊசியம்மா.

"இப்பதான் காய்ஞ்சுது."

யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

"நான் என்ன வேணும்னா மூணு வாங்கினேன்?" ஊசியம்மா விட்ட இடத்தில் தொடர்ந்தார். "சைக்கிள் கடையில அரை மணி நேரம் நின்னேன். நாலு வைக்கிறது நூத்தி நாப்பத்தஞ்சு நீளம். அஞ்சு சென்டிமீட்டர் இடிக்குது. அலமாரியை இடிச்சுட்டா வைக்க முடியும்? மூணு வைக்கிறது நூத்திப் பத்து. தாராளமா நிக்கும்."

"மீதி ஒண்ணு?" என்றார் லிப்ட்காரர்.

"என்னோடது வெளியில நிக்கட்டும். காலையில அஞ்சு மணிக்கு எடுக்கறவ நான்தானே."

"வெளியில வச்சா மழையில துருப்பிடிக்கும். என்னோடதை வை. நான் எங்க போகப் போறேன்?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் அமைதியா இருங்க," என்றான் சின்னவன். "உங்க சிரமம் புரியுது. என் சைக்கிளை ஆபீஸ்லயே விட்டுட்டு பஸ்ல வரேன்."

"பஸ்ல வந்தா, காலையில ஆபீஸ் போக என்ன பண்ணுவ? பஸ்லயே போவியா? அப்ப சைக்கிள் எதுக்குடா?"

இப்படி மூன்று பேரும் ஆளுக்கு ஆள் தன்னுடையதை வெளியே தள்ளப் போட்டி போட்டதில், உள்ளறைக் கதவு முழுசாகத் திறந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

பெரியவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அதே நிலையில்தான் அவள் உயரக் கோடுகள் பென்சிலில் இருந்தன.

"எதுக்கு ஆளாளுக்குத் தியாகம் பண்றீங்க?" குரலை உயர்த்தவில்லை. "இந்த வீட்ல எத்தனை பேருன்னு பெட்டி மேலயே அச்சடிச்சிருக்கே. மூணு. கடைசியா வந்தது எதுவோ அது போகட்டும்."

"ஏய், யாரு அப்படிச் சொன்னா?" என்றார் அம்மா.

"யாரும் சொல்லல. வாங்கிட்டு வந்தீங்க, அவ்வளவுதான். கடை ஓனர் புதுக் கிளைக்குப் போறியான்னு கேட்டிருக்கார் இல்ல, இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். முடியாதுன்னு சொல்லலாம்னு இருந்தேன். போறேன்னு சொல்லிடறேன்."

புதுக் கிளை பஸ்ஸில் நான்கு மணி நேரம் தள்ளியிருக்கும் ஊரில். அதைப் பற்றி அவள் ஒரு வாரமாக வாய் திறக்கவில்லை. என்ன சொல்லப் போகிறாள் என்று தெருவில் நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தோம். நான் 'போகமாட்டாள்' கட்சி.

ஆயிரம் கைகளில் நரம்பு தேடிக் கண்டுபிடித்த ஊசியம்மா, சொந்த மகளிடம் எங்கே தொடுவது என்று தெரியாமல் நின்றார். சின்னவன், "அக்கா, ஒரு நிமிஷம்" என்றான். அவள் லைனில் இருக்கவில்லை. ஜன்னலோரம் போய் வெளியே பார்க்க ஆரம்பித்தாள். கையில் போன்.

லிப்ட்காரர் என்ன செய்தார் தெரியுமா? கீழே உட்கார்ந்து ஸ்டாண்டைப் பூட்ட ஆரம்பித்தார்.

அவருக்கு அதுதான் தெரியும். வார்த்தை வராத இடத்தில் ஸ்பானர் வரும்.

"படம் போட்ட காகிதம் இருக்கு, அதைப் பாத்துப் பண்ணுங்கப்பா," என்றான் சின்னவன்.

"முப்பது வருஷம் ஆளுங்களைப் பத்து மாடி தூக்கி இறக்கினவன். ரெண்டு சக்கரத்தை நிக்க வைக்கத் தெரியாதா எனக்கு?"

முதல் வளையத்தைச் சட்டத்தில் வைத்தார். பெட்டியோடு வந்த எல் மாதிரி வளைந்த சாவியால் போல்ட்டை மூச்சுப் பிடித்து முறுக்கினார். இனி அது இந்த ஜென்மத்தில் கழலாது. இரண்டாவது வளையமும் அப்படியே. மூன்றாவதன் துளை சட்டத்தின் துளையோடு பொருந்தவில்லை. ஒரு விரல் தள்ளி நின்றது. சின்னவன் ஒரு பக்கம் இழுத்தான், ஊசியம்மா ஒரு பக்கம் தள்ளினார். எப்படியோ நுழைத்து நிமிர்த்தினால், ஸ்டாண்ட் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"தரை சரியில்ல," என்றார் லிப்ட்காரர்.

தரை மேல் பழி போட்டதும் தரை என்ன சொல்லும், பாவம்.

"அட்டைப்பெட்டியை மடிச்சு அந்தக் காலுக்கு அடியில வச்சா?" என்றார் ஊசியம்மா.

"நாலு சைக்கிளுக்கு இடம் இல்ல, இப்ப மூணுக்கும் அட்டையா?"

மூவரும் குனிந்து அந்தத் தூக்கிய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தில் மணி மூன்றே முக்கால். நான் பாத்திரத்தை மடியில் மாற்றி வைத்தேன்.

ஜன்னலோரத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. துக்கத்தில் வருவது அல்ல. கோணலாக மாட்டிய படத்தைப் பார்த்தால் சிலருக்கு வருமே, அது.

"எல்லாத்தையும் லூசு பண்ணுங்கப்பா," என்றாள் பெரியவள்.

"நீ உக்காரும்மா. உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"அப்பா. லூசு பண்ணுங்க."

"கையில கிரீஸ் ஒட்டும்டி," என்றார் அம்மா.

"நான் பாத்துக்கறேன்க்கா, நீ ரெஸ்ட் எடு," என்றான் தம்பி.

அவள் மூவரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு அப்பாவின் கையிலிருந்து அந்தச் சாவியைப் பிடுங்கினாள். கொடுங்கள் என்று கேட்டால் இன்னொரு 'உனக்கு எதுக்கு' வரும் என்று தெரிந்து பிடுங்கினாள் என்றுதான் எனக்குப் பட்டது.

ஆறு போல்ட்டையும் தளர்த்தினாள். வளையங்களை உருவி மறுபடி அடுக்கினாள். முதலில் எல்லாப் போல்ட்டையும் விரலாலேயே நுழைத்தாள். ஒன்றையும் முறுக்கவில்லை. ஸ்டாண்ட் தொளதொளவென்று ஆடியது.

"ஆடுதே," என்றார் லிப்ட்காரர்.

"ஆடட்டும். கண்ணாடி ஃப்ரேம்ல ஒரு பக்கத்து ஸ்க்ரூவை முதல்லயே இறுக்கினா மறுபக்கம் லென்ஸ் உடைஞ்சிரும். எல்லாம் உள்ள வரட்டும். அப்புறம் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்."

அப்படியே செய்தாள். இடது ஓரம் அரைச் சுற்று, வலது ஓரம் அரைச் சுற்று, நடுவில் கால். மறுபடி முதலிலிருந்து. அவள் விரல் சுற்றுவதை மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். "வாஷர்" என்று கை நீட்டினால் அம்மா கொடுத்தார். "அந்த ஓரத்தைப் பிடிடா" என்றால் தம்பி பிடித்தான். நூற்றுப் பன்னிரண்டு நாளில் அந்த வீட்டில் அவள் ஏதாவது ஒரு வேலை செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடிக்கடி பார்க்கிறவள் சொல்கிறேன், நம்பலாம்.

கடைசிச் சுற்று முடிந்தது. நான்கு ரப்பர்க் கால்களும் தரையில் உட்கார்ந்தன. அவள் உள்ளங்கையால் தட்டினாள். அசையவில்லை.

"தரை சரியாயிடுச்சு போல," என்றேன். லிப்ட்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அப்பாவும் மகனுமாக ஸ்டாண்டைத் தூக்கி அலமாரியை ஒட்டி வைத்தார்கள். சின்னவன் சைக்கிள்களை எடுக்கப் போனான். லிப்ட்காரர் மட்டும் நகரவில்லை. ஸ்டாண்டுக்கும் கதவுக்கும் இடையே காலியாகக் கிடந்த தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். லிப்டுக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடம் கூட இருந்தாலும் கண்டுபிடிக்கும் கண் அது.

"இவளே," என்றார் மனைவியிடம். "இதுல ஒரு ஆளு படுக்கலாம் போல இருக்கே."

"அதான் தாராளமா நிக்கும்னு சொன்னேனே."

"எவ்வளவு இடம்னு கடையில சொன்ன?"

"நூத்தி நாப்பது."

"நூத்தி நாப்பதா? நான் நூத்தி அறுபதுன்னுல்ல பல்பு அட்டையில எழுதி வச்சேன்."

சின்னவன் சைக்கிளோடு அப்படியே நின்றான். "நூத்தி அறுபதுன்னுதான் போட்டிருந்துச்சு. நான் அதுல பத்தைக் கழிச்சு நூத்தி அம்பதுன்னு அம்மா போனுக்கு அனுப்பினேன். அதுக்கே நாலு வைக்கிறது நிக்குமே."

"நீ எதுக்குடா கழிச்ச?"

"நம்ம டேப்பாச்சே. நீங்க மறந்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

"நான் மறப்பேனா? டேப்ல நூத்தி எழுபது வந்துச்சு. கழிச்சுத்தான் எழுதினேன்."

இருவரும் மெதுவாக ஊசியம்மா பக்கம் திரும்பினார்கள்.

"நான் என்ன பண்ணேன்?" என்றார் அவர். "சின்னவன் அனுப்பினது நூத்தி அம்பது. இவன் எங்க கழிச்சிருக்கப் போறான், அவசரத்துல அப்படியே அனுப்பியிருப்பான்னு நான் ஒரு பத்தைக் கழிச்சேன். சொன்னா மூஞ்சியைத் தூக்குவான், அதான் சொல்லல."

லிப்ட்காரர் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். இழுத்துப் பிடித்தார். நூற்று எழுபது. பத்து போனால் நூற்று அறுபது. நான்கு சைக்கிள் நின்று, அதற்கு மேல் ஒரு ஜோடி செருப்பும் வைக்கலாம்.

ஒருத்தர் தவறை ஒருத்தர் சத்தமில்லாமல் சரி செய்கிற குடும்பம் இது. அதில் தப்பு சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் எல்லாம் தவறைத் தண்டோரா போடுவார்கள். ஆனால் இவர்கள் மூன்று பேரும் இல்லாத தவறைச் சரி செய்திருக்கிறார்கள்.

முதலில் சிரித்தது பெரியவள்தான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அம்மாவும் சேர்ந்து சிரித்தார். பிறகுதான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது.

"எங்கிட்டயும் இதைத்தானே பண்ணீங்க," என்றாள். "ஆளுக்குப் பத்துக் கழிச்சீங்க."

"என்னடி சொல்ற?"

"வந்த அன்னிலேர்ந்து சமையல்கட்டுக்குள்ள நீ விடல. பாவம், மனசு சரியில்லாம இருக்கான்னு. அப்பா கடைக்கு அனுப்பல, யாராவது ஏதாவது கேப்பாங்கன்னு. இவன் என் துணியைக்கூட எடுத்து மடிச்சு வைக்கிறான். தனித்தனியாப் பாத்தா எல்லாம் பாசம்தான். மொத்தமாக் கூட்டிப் பாத்தா இந்த வீட்ல எனக்குன்னு ஒண்ணுமே இல்ல. விருந்தாளி கூட ரெண்டு நாளைக்கு மேல இப்படி இருக்க மாட்டா. அதான் ஸ்டாண்டைப் பாத்ததும் சரியாத்தான் வாங்கியிருக்காங்கன்னு தோணுச்சு."

ஊசியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அந்த ரகம் இல்லை அவர். எழுந்து போய்ச் சமையல்கட்டு விளக்கைப் போட்டார். "டீ போடணும். பால் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்ல? எதிர்வீட்டம்மாவுக்கும் சேர்த்துப் போடு," என்றார்.

அந்தக் குடும்பத்தில் என்னை எண்ணிக்கையில் சேர்த்தது அன்றுதான்.

பெரியவள் போகாமல் அங்கேயே நின்றாள். "வேற என்னெல்லாம் கழிச்சீங்க? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. மொத்தமாத் தெரிஞ்சுக்கறேன்."

லிப்ட்காரர் டேப்பைச் சுருட்டினார். "உன் கல்யாண போட்டோவைக் கழட்டி அலமாரி மேல வச்சுட்டேன். பாத்தா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு."

"தெரியும்ப்பா. ஆணி மட்டும் சுவர்ல நிக்குது. அதைப் பாத்தாத்தான் கஷ்டமா இருந்துச்சு."

"திருப்பி மாட்டவா?"

"மாட்டணுமா வேண்டாமான்னு நான் சொல்றேன். எங்கிட்டக் கேளுங்க, அது போதும்."

"சரிம்மா." டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "பயப்படாத. நாங்க இருக்கோம்," என்றார். லிப்டுக்குள் மாட்டிக்கொள்ளாத ஒரு ஆளிடம் அவர் அப்படிச் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் முறை.

"நீ?" என்று தம்பியிடம் திரும்பினாள்.

சின்னவன் கீழே குனிந்து, நன்றாக இறுகியிருந்த போல்ட்டை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தான். "நானா? துணி மடிச்சதுதான். வேற ஒண்ணுமில்லக்கா."

நான் பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூடினேன்.

ஏனென்றால் அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, ஸ்டுடியோவுக்கு விடுமுறை நாளில், மாப்பிள்ளை எங்கள் தெரு முனைக்கு வந்திருந்தான். பஞ்சர் கடை ஓரமாக நின்றவனிடம் சின்னவன் பத்து நிமிடம் பேசினான். பேசியது இன்னது என்று பஞ்சர் கடைக்காரர் எனக்குச் சொன்னார். "அக்கா இப்பதான் ராத்திரியில தூங்கவே ஆரம்பிச்சிருக்கா. அவளாக் கூப்பிடற வரைக்கும் வராதீங்க, தயவுசெஞ்சு." மாப்பிள்ளை தலையாட்டிவிட்டுப் போய்விட்டானாம். தான் வந்ததாக அவளிடம் சொல்லச் சொல்லியிருக்கிறான். தம்பி அதையும் கழித்துவிட்டான்.

எனக்குத் தெரிந்ததை நான் பத்து நிமிடத்துக்கு மேல் வைத்துக்கொண்டது கிடையாது. அன்று ஏனோ டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். டீ நன்றாக இருந்தது. சர்க்கரையை மட்டும் யாரும் கழிக்கவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பெரியவள் ஓனரைக் கூப்பிட்டாள். ஹாலிலேயே, எல்லாரும் கேட்க.

"சார், நான்தான். போகலன்னு சொல்லல சார். இன்னிக்குக் கோபத்துல போறேன்னும் சொல்ல வேண்டாம்னு இருக்கேன். எனக்கு ஒரு மாசம் டைம் குடுங்க... சரிங்க சார். ரொம்ப நன்றி."

மறுநாள் ஊசியம்மா கடையிலிருந்து ஒற்றை வளையம் ஒன்றை வாங்கி வந்தார். ஸ்டாண்டின் ஓரத்தில் சேர்த்துப் பூட்டலாம் என்று கடைக்காரரே சொன்னாராம். பெரியவள் பூட்டினாள். நூற்றுப் பத்தும் முப்பத்தைந்தும் நூற்று நாற்பத்தைந்து. நடுவில் சிவப்புச் சைக்கிள். போகிறவர் வருகிறவர் இடிக்கும் ஓரத்து ஒற்றை வளையம் யாருக்கு என்று மற்ற மூவரும் இரண்டு நாள் சண்டை போட்டார்கள். ஆளுக்கு ஆள் தனக்குத்தான் வேண்டும் என்று. சிலருக்குப் புத்தி வரவே வராது.

இனி நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் முடிந்து அவள் போய்த்தான் விட்டாள். நான் சேர்ந்திருந்த கட்சி தோற்றது. அந்த ஒரு மாதமும் சமையலில் பாதி அவளுடையது, கடைக்குப் போனது அவள், தம்பியின் துணியை அவள் மடித்தாள். அந்தப் போட்டோவை ஆணியில் மாட்டச் சொல்லவில்லை, ஆணியைப் பிடுங்கவும் சொல்லவில்லை. போகிற அன்று பெட்டி மட்டும்தான் கையில் இருந்தது.

"சைக்கிள்?" என்றார் அம்மா. "பஸ் மேல போட்டுடலாமே. அங்க கடைக்கு எப்படிப் போவ?"

"நடந்து போறேன். அது இங்கயே நிக்கட்டும். இடம்தான் இருக்கே."

வந்தபோது சைக்கிளோடு வந்தவள். போகும்போது அதை விட்டுவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் லிப்ட்காரர் அதன் இரண்டு சக்கரத்துக்கும் காற்றடிக்கிறார். ஓட்ட ஆள் இல்லாத சைக்கிளுக்கு எதற்கு வாராவாரம் காற்று என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கொஞ்ச நாளாக எனக்கே என் வாயைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது.

ஆனால் நடந்தது என்னவென்றால், அந்தச் சிவப்புச் சைக்கிள் முன் ஹாலில் நின்றால், கதவு திறந்திருக்கும்போது தெருவிலிருந்தே தெரியும். மாப்பிள்ளை செவ்வாய்க்கிழமைகளில் தெரு வழியாக மெதுவாக நடந்து போகிறான். உள்ளே வருவதில்லை. வர வேண்டாம் என்று சொன்னதை மதிக்கிறான். நடுவில் நிற்கும் சிவப்பைப் பார்க்கிறான், அவள் உள்ளேதான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறான், போய்விடுகிறான். அவள் ஊரை விட்டுப் போய் மூன்று செவ்வாய்கள் ஆகிவிட்டன.

நேற்று நான்காவது செவ்வாய். நேராகப் போகாமல் என் வாசலுக்கு வந்து நின்றான். கூச்சத்தோடு சிரித்தான். ஊரைச் சிரிக்க வைக்கிறவனுக்குத் தானாகச் சிரிக்க வரவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? அவ நல்லா இருக்காளா? வெளியில வந்தே பாக்க முடியல."

சின்னவன் வீட்டில் இல்லை. ஊசியம்மா எங்கோ ஊசி குத்தப் போயிருந்தார். என் கையில் பாத்திரம்கூட இல்லை. நானும் ஒரு பத்தைக் கழித்து, "நல்லாத்தான் இருக்காப்பா" என்று அனுப்பியிருக்கலாம். அவ்வளவுதான் கேட்டான், அது பொய்யும் இல்லை.

"நல்லா இருக்கா," என்றேன். "ஆனா இங்க இல்ல. வேலை மாத்திக்கிட்டுப் போயிட்டா. சைக்கிளைத்தான் விட்டுட்டுப் போயிருக்கா."

அவன் திரும்பி எதிர்வீட்டுக்குள் பார்த்தான். நான்கும் வரிசையாக, ஒன்று உயரம் ஒன்று தாழ்வாக, ஒன்றையொன்று இடிக்காமல் நின்றன.

"எந்த ஊரு, அக்கா?" என்றான்.